முதல் வெடியும் ஏழாவது ஷரத்தும்

வக்கீல் அருள்ஜோசப்பின் மேஜைமேல் அன்று மூன்று காகிதங்கள் கிடந்தன. ஒன்று ஒப்பந்தம், ஒன்று போலீஸ் வழக்கின் சம்மன், மூன்றாவது ஒரு சுவரொட்டி. மூன்றையும் கொண்டுவந்தவன் எதிரே நின்றுகொண்டிருந்தான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னதற்கு, "வேணாங்க, ஒடஞ்சிரும்" என்றான். வக்கீல் நாற்காலியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், வற்புறுத்தவில்லை.

ஆள், பயில்வான் சென்னப்பன். ஜூஜுவாடியைத் தாண்டி ஒரு மைல் உள்ளே போனால் மைசூர் சமஸ்தான எல்லைக்கல்லை ஒட்டிச் சீகலப்பள்ளி என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரன். இருபத்தாறு வயது. பெங்களூரில் நாலு வருஷம் மண்ணில் புரண்டு குஸ்தி கற்றவன். போன வருஷம் மட்டும் டிக்கெட் போட்டு நடத்திய பதினோரு குஸ்தியில் பத்தில் ஜெயித்திருந்தான். பதினோராவதிலும் ஜெயித்ததாகத்தான் சொல்லிக்கொண்டான்.

அருள்ஜோசப் முதலில் ஒப்பந்தத்தை எடுத்தார். ஓசூர் கோர்ட்டில் இருபது வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறவர் அவர். மனிதர்கள் சொல்வதை அவர் ஒரு காதால்தான் கேட்பார். எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டியிருந்தால்தான் இரண்டு கண்ணாலும் பார்ப்பார். பெங்களூர் குஸ்தி காண்டிராக்டர் வெங்கடசாமி நாயுடு, சென்னப்பனை ஆறு மாதத்துக்கு மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூட்டிப்போகிறார். மாதச் சம்பளம், சாப்பாடு, கப்பல் டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏப்ரல் இரண்டாம் தேதி கிளம்புகிறது. சென்னப்பனின் ஆட்டம் நன்றாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீளும்.

ஏழாவது ஷரத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. பயில்வான்மேல் எந்தக் கோர்ட்டிலாவது கிரிமினல் வழக்கு இருந்தால், அது முடியும்வரை ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்படும். தண்டனை ஆகிவிட்டால், அபராதம் ஒரு ரூபாயே ஆனாலும், ஒப்பந்தம் ரத்து. கொடுத்த முன்பணமும் திரும்ப வேண்டும்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டியா?"

"படிச்சுக் காட்டினாங்க. நாம என்ன திருடப்போறமா, கொள்ளையடிக்கப்போறமான்னு போட்டேனுங்க."

திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை. சம்மனில் இருந்தது ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்து சுட்டான் என்று வழக்கு. அதற்குச் சாட்சியாகப் போலீஸ் காட்டியிருந்தது, மேஜைமேல் கிடந்த மூன்றாவது காகிதத்தை. மஞ்சள் தாளில் சிவப்பு மசியில் அச்சிட்ட குஸ்தி விளம்பரம். நடுவில் தலைப்பாகையோடு சென்னப்பன். கையில் வானத்தைப் பார்த்து நீட்டிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. மேலே கன்னடத்திலும் தமிழிலும் 'துப்பாக்கி சென்னப்பன்!' என்று போட்டிருந்தது. கீழே நாயுடுவின் பெயர், படத்தைவிடக் கொஞ்சம்தான் சிறிதாக இருந்தது.

சுவரொட்டி ஒட்டுகிறவன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இடம் இல்லாமல், மிச்சம் இருந்ததைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டேஷனைப் பார்வையிட வந்த மேலதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதும் கண்ணில் பட்டது அதுதான். "யாருய்யா இவன்? அந்தத் துப்பாக்கிக்கு யார் பேரில் லைசென்ஸ்?" என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகு சப்-இன்ஸ்பெக்டர் வழக்குப் போடாமல் என்ன செய்வார்? அவரே சென்னப்பனின் குஸ்தியைக் காசு கொடுத்துப் பார்த்தவர். சம்மனைக் கொடுக்கும்போது, "மனசுல வெச்சுக்கிடாத" என்றுதான் கொடுத்தாராம்.

"உண்மையில் நீ சுட்டியா?"

"சுட்டேனுங்க," என்றான் சென்னப்பன். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை வக்கீல் கவனித்தார். குற்றம் செய்தவன் முகத்தில் அவர் வழக்கமாகப் பார்க்கிற சங்கதி அல்ல அது. ஆனால் அதைக் குறித்துக்கொள்ளக் காகிதத்தில் இடம் கிடையாது என்பதால் விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். சீகலப்பள்ளியில் பொங்கல் கழிந்த மறுநாள் பாரிவேட்டை. கோயில் சாமியை மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். வலைபோட்டு உயிரோடு பிடித்துவைத்த முயலுக்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, சாமிக்கு முன்னால் நிறுத்துவார்கள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அந்தச் சத்தத்தோடு முயலை விட, ஊரே பின்னால் ஓடும். அந்த வெடிக்குப் பெயர் முதல் வெடி. இரண்டாவது வெடி என்று ஒன்று கிடையாது, ஆனாலும் அதற்கு முதல் வெடி என்றுதான் பெயர். அதைச் சுடுவது கோயில் தர்மகர்த்தா நாராயணப்பன் வீட்டார் மரியாதை. துப்பாக்கி லைசென்ஸும் அவர் பேரில்தான். முயல் பிடித்துக் கொடுப்பது சென்னப்பன் வீட்டு வேலை.

சென்னப்பனின் அப்பா திம்மப்பன் இருபத்திரண்டு வருஷம் முயல் பிடித்துக் கொடுத்தவர். தம் பாட்டன் காலத்தில் இரண்டு வீடும் மாற்றி மாற்றி வெடி சுட்டதாக அவர் சொல்லுவார். வருஷம் தவறாமல் முயலைக் கொடுக்கும்போது, "இந்த வருஷமாவது எனக்கு ஒரு வெடி" என்று கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா" என்று பதில் வரும். முந்தின வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இந்தப் பொங்கலுக்குப் பெங்களூரில் பேர் வாங்கிய மகன் வந்து இறங்கியதும் ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. "பயில்வானுக்குக் குடுங்க, பயில்வானுக்குக் குடுங்க" என்று கூட்டம் கத்த, நாராயணப்பனும் மனம் குளிர்ந்து, தம் கையாலேயே தலைப்பாகை கட்டித் துப்பாக்கியைக் கொடுத்தார். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமென்று நாயுடு அனுப்பியிருந்த போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அங்கே நின்றார்.

அருள்ஜோசப் மூன்று காகிதங்களையும் அடுக்கினார்.

"குத்தத்தை ஒத்துக்கிட்டா ஒரே நாள்ல அபராதத்தோட முடியும். ஆனா அது தண்டனை. ஒப்பந்தம் போச்சு. வாய்தா வாங்கி இழுத்தா வழக்கு நிலுவைல இருக்கும். கப்பல் போச்சு, பாஸ்போர்ட்டும் வராது. ஒரே வழிதான் இருக்கு. மார்ச் முடியறதுக்குள்ள நீ விடுதலை ஆகணும்."

"ஆவேனுங்களா?"

"பார்க்கலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பயில்வான் முகம் கொஞ்சம் வாடியது. அவர்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த கையோடு அருள்ஜோசப் சீகலப்பள்ளிக்குப் போனார். முதலில் அவர் அளந்தது மைதானத்தை. முதல் வெடி சுட்ட இடம் மைசூர் எல்லைக்குள் இருந்தால் ஓசூர் கோர்ட்டுக்கு வழக்கை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று ஒரே அடியில் முடித்துவிடலாம். சாமி இறக்கும் மேடையிலிருந்து எல்லைக்கல் வடக்கே நாற்பது தப்படி தள்ளி இருந்தது. நாற்பது தப்படி! சாமி கொஞ்சம் வடக்கே தள்ளி இறங்கியிருக்கக் கூடாதா என்று அவருக்கு ஆற்றாமையாக வந்தது. பிறமதத்துக் கடவுளைக் குறை சொல்ல நமக்கென்ன உரிமை என்று அதையும் விழுங்கிக்கொண்டார்.

அப்புறம் நாராயணப்பன் வீட்டுக்குப் போனார். தர்மகர்த்தா அறுபதைத் தாண்டியவர், நல்ல மனுஷர், பயந்துபோயிருந்தார். துப்பாக்கியை அடுத்தவன் கையில் கொடுத்ததற்கு அவர்மேலும் வழக்கு வரலாம் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

அருள்ஜோசப் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. இதை அவர் பின்னாளிலும் அழுத்திச் சொல்லுவார். கோர்ட்டில் இன்ன கேள்வி வரும், இன்ன பதில் சொன்னால் இன்னது நடக்கும் என்று மட்டும்தான் விளக்கினார். லைசென்ஸ்காரரே சுட்டிருந்தால் குற்றமே இல்லை. சென்னப்பன் போட்டோவுக்கு நின்றது நாடகக்காரர்களின் மரத் துப்பாக்கியோடு என்றால் அதுவும் குற்றமில்லை.

"கோயில்ல அப்படி மரத் துப்பாக்கி ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

நாராயணப்பன் யோசித்தார். "இல்லீங்க. ஆனா வேணும்னா இருக்கும்."

வக்கீல் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

ஊரில் சாட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் நின்றார்கள். அன்றைக்கு மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டபோது அத்தனை பேரும் முயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தலையாரிக்குப் புகை கண்ணில் பட்டுவிட்டதாம். சென்னப்பன் கப்பல் ஏற வேண்டும் என்பதில் ஊரில் இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரும்போது கோயிலுக்கு ஒரு கெடிகாரம் வாங்கி வரச் சொல்லி அதற்குள் தீர்மானமும் ஆகியிருந்தது.

இடிக்கிற மாதிரி பேசியது சென்னப்பனின் தாயார் வெங்கடம்மாள் ஒருத்திதான். வீட்டு வாசலில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டே வக்கீல் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"அப்ப எம்மவன் சுடலேன்னு சொல்லணுமா சாமி?"

"அப்படிச் சொல்லக்கூட வேணாம்மா. சுட்டேன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கோர்ட்ல ஒண்ணில்லை."

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். "அவங்கப்பன் இருந்திருந்தா அன்னைக்கு அந்த மைதானத்துலயே உசுர விட்டிருப்பாரு, சந்தோசத்துல. சரி. புள்ள கப்பலேறட்டும். நீங்க சொல்ற மாதிரியே ஆகட்டும் சாமி." வலையை உதறி மடித்தாள். வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது.

வழக்கு மார்ச் பதினெட்டாம் தேதி ஓசூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. நாயுடு பெங்களூரிலிருந்து காரிலேயே வந்திருந்தார். சந்தனக் கலர் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உலாத்தினார். கையில் சென்னப்பனின் பாஸ்போர்ட் மனு தயாராக இருந்தது. விடுதலை என்று ஒரு வார்த்தை வந்ததும் அதில் தேதி போட்டு ஓட வேண்டியதுதான்.

தலையாரி புகையைப் பற்றிச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் முயலைப் பற்றிச் சொன்னார்கள். போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தைப் புரட்டினார். போட்டோக்காரர், தம் வேலை படம் எடுப்பது, துப்பாக்கி மரமா இரும்பா என்று தட்டிப் பார்ப்பதில்லை என்றார். அருள்ஜோசப் எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. வெங்கடம்மாள் கோர்ட் வாசற்படிக்கு உள்பக்கம் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்திருந்தாள். கூண்டில் சென்னப்பன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அந்தக் கூண்டு அவனுக்கு ஒரு சைஸ் சின்னது.

கடைசிச் சாட்சி, லைசென்ஸ்காரர் நாராயணப்பன். சலவை வேட்டி, ஜரிகைத் துண்டு. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, முதல் வெடியைச் சுட்டது தாம்தான் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டரும் விட்டிருப்பார். ஆனால் எழுந்ததற்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்: "வேறு யார் கையிலாவது கொடுத்துச் சுடச் சொல்கிற வழக்கம் உண்டா?"

பயந்தவருக்குத் தைரியம் வந்தால் அது அளவோடு வருவதில்லை. நாராயணப்பன் நிமிர்ந்தார்.

"வேற கையிலயா? ஏனுங்க, எங்க வீட்டு மரியாதைய வேற எவன் தொடுவான்? முயல் புடிக்கிறவங்க முயல் புடிப்பாங்க. வெடி எங்களுது. எங்க தாத்தன் காலத்துலருந்து இன்னைக்கு வரைக்கும் வேற ஒருத்தன் கை அதுல பட்டதில்ல. அவங்க கேப்பாங்க, வருசா வருசம் கேப்பாங்க. கேட்டா ஆச்சா? அந்த வீட்டுக்கு அந்தப் பாத்தியம் எந்தக் காலத்துலயும் கெடையாதுங்க."

அருமையான பதில். அருள்ஜோசப் தம் குறிப்பில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். வழக்கு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி, முறைப்படி சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்டினார். "முயல் பிடிக்கும் குடும்பத்தாருக்கு முதல் வெடி வெடிக்கும் உரிமை எக்காலத்திலும் இருந்ததில்லை. சரிதானா?" "சரிங்க." நாராயணப்பன் கையெழுத்துப் போட்டார். கோர்ட் முத்திரை விழுந்தது.

வக்கீல் தற்செயலாகத்தான் திரும்பினார். சென்னப்பன் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கடம்மாள் மகனைப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் ஏதோ கிடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அடித்தால் கூடத் தாங்கியிருப்பாள் போலிருந்தது.

மாஜிஸ்திரேட் பேனாவை மையில் தோய்த்தார். குற்றம் சாட்டப்பட்ட எதிரியைக் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. "சாட்சிகள் சொன்னதைக் கேட்டாய். நீ துப்பாக்கி சுட்டதாக வழக்கு. என்ன சொல்கிறாய்?"

இரண்டு வார்த்தை. 'இல்லீங்க, சாமி.' மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வார்த்தை.

"நான்தான் சுட்டேனுங்க," என்றான் சென்னப்பன்.

அருள்ஜோசப் துள்ளி எழுந்தார். கட்சிக்காரனுக்குக் கேள்வி புரியவில்லை என்றார். மாஜிஸ்திரேட் திரும்பக் கேட்டார்.

"புரிஞ்சுதுங்க. நாராயணப்பண்ணன் கையாலதான் வாங்கினேன். அவருதான் தலப்பா கட்டி உட்டாரு. மேடைக்குத் தெக்கால நின்னு, எங்கப்பன் திம்மப்பன் பேரச் சொல்லி, வானத்தப் பாத்துச் சுட்டேன். முந்நூறு பேரு பாத்தாங்க. மரத் துப்பாக்கி இல்லீங்க, நெசத் துப்பாக்கி." மாஜிஸ்திரேட்டின் பேனாவைப் பார்த்தான். "எங்கப்பன் பேரையும் எழுதிக்குங்க."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். அதன்பிறகு அவருக்கு வேறு வழியில்லை. சிறிய அபராதம், கட்டத் தவறினால் ஒரு வாரம். துப்பாக்கி பறிமுதல். லைசென்ஸை ரத்து செய்யக் கலெக்டருக்குச் சிபாரிசு. பொய்ச் சாட்சி சொன்னதற்கு நாராயணப்பன்மேல் நடவடிக்கை எடுக்க முடியும் என்று அரைமணி நேரம் எச்சரித்து, வயதைப் பார்த்து விட்டுவிட்டார். அந்த அரைமணியில் தர்மகர்த்தா ஐந்து வயது கூடித்தான் வெளியே வந்தார்.

வராந்தாவில் நாயுடு பாஸ்போர்ட் மனுவை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு, திகைத்துப்போயிருந்தார். "ஒக்க மாட்ட சார், ஒரே ஒரு வார்த்தை! 'இல்லை'ன்னு ஒக்க மாட்ட. அதுக்காக நான் பெட்ரோல் போட்டு வந்தேன்!" அவர் அடுத்து ஏழாவது ஷரத்தைப் பற்றி வாயெடுப்பதற்குள் அருள்ஜோசப் முந்திக்கொண்டார். வழக்கு வந்ததே நாயுடுவின் சுவரொட்டியால். தம் விளம்பரத்தாலேயே ஒப்பந்தம் முறியும்படி செய்துகொண்டவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டால் பெங்களூர் கோர்ட்டில் அதே சுவரொட்டியை விரித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்றார். நாயுடு யோசித்துப் பார்த்து, முன்பணத்தைக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று வக்கீலுக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான். ஒப்பந்தத்தை நாயுடு அவர் கண்ணெதிரே கிழித்தார். கார் பெங்களூர் ரோட்டில் போய் மறைந்தது.

அருள்ஜோசப் சென்னப்பனைக் கோர்ட் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். இருபது வருஷத்தில் எந்தக் கட்சிக்காரனையும் அவர் அப்படித் திட்டியதில்லை. மடையன் என்றார், ராகிக்களி தின்ற மூளை என்றார், கையில் வந்த உலகத்தை எட்டி உதைத்தவன் என்றார். அத்தனையும் மனதாரச் சொன்னார். ஏனென்றால் அந்தப் பையனை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது, அதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

"எல்லாரும் பார்த்த விஷயம்டா. ஊருக்கே தெரியும் நீதான் சுட்டேன்னு. கோர்ட்ல ஒரு பொய் இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஊருக்குத் தெரியுங்க," என்றான் சென்னப்பன். "ஊருல இருக்கறவங்க செத்துப்போவாங்க. அந்தக் காயிதம் இருக்குமில்ல? பாத்தியமே கெடையாதுன்னு முத்திர குத்திட்டாங்களே."

காகிதத்தைத் தவிர வேறொன்றையும் நம்பாத வக்கீல் திட்டுவதை அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி கப்பல் கிளம்பியது. சென்னப்பன் இடத்தில் கோலார் பக்கத்து ஆள் ஒருவன் போனான் என்று கேள்வி. தண்டனை பெற்றவன் என்ற சேதி பெங்களூர் காண்டிராக்டர்கள் நடுவே சுற்றிவந்துவிட்டது. போலீஸ் தாளில் பெயர் ஏறிய பயில்வானுக்கு டிக்கெட் குஸ்தி யாரும் தரவில்லை. கிராமத்துத் திருவிழாக்களில் வேட்டிக்கும் தேங்காய்க்கும் குஸ்தி போட்டுப் பார்த்தான். அப்புறம் எல்லைக்கு அந்தப்பக்கம் அட்டிபெலேயில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனான். இரண்டு ஆள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறான் என்று அங்கேயும் பேர் வாங்கினான்.

வெங்கடம்மாள் மட்டும் கோர்ட் முடிந்த மறுவாரமே வக்கீலிடம் வந்தாள். தீர்ப்பின் நகல் வேண்டும் என்றாள்.

"அது எதுக்கும்மா? உன் மகன் குத்தவாளின்னு எழுதின காகிதம்."

"எம்மவன் சுட்டான்னு எழுதியிருக்குதில்ல சாமி?"

"எழுதியிருக்கு."

"அவங்கப்பன் பேரு?"

"அதுவும் இருக்கு."

"அப்ப வாங்கிக் குடுங்க."

மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை வைத்த நகலை வாங்கிக் கொடுத்தார். அவள் அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தாள் என்று கேள்விப்பட்டுச் சிரித்தார்.

அடுத்த பொங்கலுக்குச் சீகலப்பள்ளியிலிருந்து ஆள் வந்தது. வக்கீலய்யா பாரிவேட்டைக்கு வந்தே ஆக வேண்டுமாம், ஒரு காகிதம் படிக்க வேண்டுமாம். போனார். மைதானத்தில் ஊரே நின்றது. துப்பாக்கி இல்லை, சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக மண்ணில் இரும்புக் குழாயைப் புதைத்து வெடிமருந்து கிட்டித்து அதிர்வேட்டு வைத்திருந்தார்கள். திரிக்கு யார் நெருப்பு வைப்பது என்பதில் தகராறு. துப்பாக்கி போனாலும் பழைய முறை போகவில்லை, தங்கள் வீட்டார்தான் வைக்க வேண்டும் என்று நாராயணப்பனின் பங்காளிகள். மாற்றி மாற்றி வைக்க வேண்டும், இந்த வருஷம் எங்களுடையது என்று வெங்கடம்மாள். ஒற்றைப் பொம்பளை, கையில் மஞ்சள் துணி.

"கோர்ட்டே எழுதிக் குடுத்திருக்குது," என்று அதை வக்கீலிடம் நீட்டினாள். "படிங்க சாமி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அருள்ஜோசப் தீர்ப்பைப் பிரித்தார். தாம் தோற்ற வழக்கின் தீர்ப்பை ஒரு வக்கீல் ஊர் கூடி நிற்கப் படிப்பது இந்தியாவிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இங்கிலீஷிலிருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி, உரக்கப் படித்தார்.

"திம்மப்பன் குமாரர் சென்னப்பன் என்பவர், கோயில் மைதானத்தில், ஊரார் முன்னிலையில், தர்மகர்த்தாவின் கையாலேயே துப்பாக்கியை வாங்கி, முதல் வெடியைச் சுட்டார் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருப்பதாக இந்தக் கோர்ட் தீர்மானிக்கிறது."

அடுத்த வரி 'ஆகவே எதிரி குற்றவாளி' என்று தொடங்கியது. அவர் காகிதத்தை மடித்தார்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் யாரோ.

"அவ்வளவுதான்," என்றார் அருள்ஜோசப். ஸ்டாம்பு ஒட்டிய காகிதத்தில் ஒரு வரியை அவர் விழுங்கியது வாழ்க்கையில் அன்று ஒருமுறைதான்.

நாராயணப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோர்ட்டே சொன்னப்புறம் நாம என்னத்த பேசறது?" என்று, எரிகிற கொள்ளியை எடுத்து அவரே சென்னப்பனிடம் நீட்டினார். பங்காளிகள் முணுமுணுத்தார்கள், எதிர்க்கவில்லை. சென்னப்பன் குனிந்து திரியில் வைத்தான். வெடி எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம் மைசூர் வயல்களிலும் போய் மோதித் திரும்பியது. முயல் பாய்ந்தது. ஊர் முழுக்க அதன் பின்னால் ஓடியது. வெங்கடம்மாள், ஐம்பத்தைந்து வயதில், மஞ்சள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, எல்லோரையும் முந்தி ஓடினாள்.

சென்னப்பன் ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வக்கீல் பக்கத்தில் வந்து நின்றான். மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருந்தது. இருவரும் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, கப்பல்ல ஏறினா மொதல் மூணு நாளைக்கு வாந்தியா வருமாமே, நெசங்களா?"

"தெரியலப்பா. நானும் ஏறினதில்லை."

"வந்தாலும் பரவால்லீங்க," என்றான் சென்னப்பன்.